பின்பக்கமாக வந்து சேர்ந்த கல்யாணப் பெண்

முப்பதுகளின் நடுவில், ஜொகூரில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கார் டிரைவராக இருந்தபோது நடந்தது இது. டிரைவர் என்றால் பிறவி டிரைவர் இல்லை. ஆறு வருஷம் பால்மரம் சீவியவன். துரையின் காரைக் கழுவப் போனேன், துடைக்கப் போனேன், அப்படியே ஒரு நாள் ஓட்டவும் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் தோட்டத்தில் கார் ஓட்டத் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். அந்தத் தலைக்கனம் எனக்கு எவ்வளவு இருந்தது என்பதை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலில் நடந்து போகும்போதும் ஹாரன் அடிக்காத குறைதான்.

துரை புதுக் கார் வாங்கியதும் பழையதைத் தோட்டத்து வேலைக்கென்று என் கையில் விட்டுவிட்டார். துணிக்கூரை போட்ட கார். கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் நாலு பக்கமும் திறந்துகொள்ளும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, டவுனிலிருந்து சாமான் ஏற்றி வருவது, இதுதான் அதற்கு வேலை. வயதான கார்தான், ஆனாலும் என் சொல்லைத் தட்டாது. அந்தப் புரட்டாசி மாதம் வரைக்கும்.

புரட்டாசியில் காரின் முன்பக்கத்து ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்தது. டவுனில் ஒரு சீனக் கொல்லர் இருந்தார். அவரிடம் கொடுத்து அதே அளவில் ஒரு புதுப் பட்டை அடித்து வாங்கினேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் எல்லாவற்றையும் நானே ஒண்டியாகப் பூட்டினேன். பூட்டி முடித்து, மீசையைத் தடவிக்கொண்டு, வண்டியைச் சடக்கு என்று நாங்கள் சொல்லும் செம்மண் ரோட்டுக்குக் கொண்டுபோனேன். அலமாக்! வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் விரலளவு திருப்பினால் கார் முழ அளவு போகும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது, நான்தான் இழுத்து வரவேண்டும். இழுத்தால் இடப்பக்கம் பாயும். கள்ளுக்கடையிலிருந்து சம்பள நாள் சாயங்காலம் திரும்புகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? அதே நடைதான். வேகம் கூட்டினால் இன்னும் மோசம். அரை மைல் ஓட்டி நிறுத்துவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

இது வேறு சமயத்தில் நடந்திருந்தால் பரவாயில்லை. ஐப்பசிக் கடைசியில் என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்களிடமிருந்து ஐந்து மைல் தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்து மாப்பிள்ளை. அங்கே ரப்பர் ஆலையில் என்ஜின் பார்ப்பவர். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் தாலி கட்டு. அந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. தை மாதம் வைத்தபோது வெள்ளம் வந்து சடக்கை மூடிவிட்டது. ஆவணியில் வைத்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா இறந்து தீட்டு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கடவுள் பக்தி மிகுந்தவர், சகுனம் பார்ப்பவர். மூன்றாவது தேதி குறித்த அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார்.

“ரெண்டு தடவை ஆச்சு. மூணாவதும் தடங்கல் வந்தா, சாமிக்கு இஷ்டமில்லேன்னுதான் அர்த்தம். அதோட விட்டுருவோம், சம்பந்தி. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.”

என் அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. தங்கச்சி பாத்திரங்களை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். ஆனால் அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். தை மாதத்து வெள்ளத்தில் அவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, “கல்யாணம் தள்ளித்தான் போகுது, நின்னு போகலைன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்” என்று வாசலில் நின்றவர். எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்காது?

இந்த நிலைமையில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? முந்தின நாளே பெண்ணை மாட்டு வண்டியில் அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? “என் தங்கச்சி கார்லதான் போவா. எவனாவது மாட்டு வண்டின்னு சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்” என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தேன். துரையிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். வாய் கொடுத்தாகிவிட்டது. இனி வண்டி நேராக ஓடியாக வேண்டும்.

மூன்று வாரம் அந்தக் காரோடு மல்லுக்கட்டினேன். முதலில் ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து உள்ளே பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் ஆட்டம் இருந்தது, இறுக்கினேன். அதன்பின் திருப்புவதே கஷ்டமாகிவிட்டது, கார் மட்டும் முன்போலவே அலைந்தது. மறுபடி தளர்த்தினேன். இரண்டு முன் சக்கரங்களையும் சேர்க்கும் குறுக்குத் தண்டின் மூட்டுகளைக் கழற்றி, கிரீஸ் வைத்து, ஆட்டம் எடுத்துப் பூட்டினேன். சக்கரங்கள் முன்பக்கம் அரிசியளவு உள்ளே பார்த்திருக்க வேண்டும் என்பார்கள், கயிறு பிடித்து அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. டயர்களை இடம் மாற்றிப் போட்டேன். காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். அம்மா தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாள். அலைகிற காரில் அது ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில், சரியான ஆண்பிள்ளை செய்கிற காரியத்தை நானும் செய்தேன். அடுத்தவன் மேல் பழியைப் போட்டேன்.

அந்தக் காரிலேயே தட்டுத்தடுமாறி டவுனுக்குப் போய், அந்தக் கொல்லர் கடை வாசலில் நின்றுகொண்டு, அவர் அடித்த பட்டை கோணல் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கத்தினேன். கடைத்தெரு கூடிவிட்டது. கூடட்டும் என்றுதான் கத்தினேன். “இவன்கிட்ட யாரும் இரும்பு வேலை கொடுக்காதீங்க, ஏமாந்துடுவீங்க” என்று தமிழில் வேறு சொன்னேன். மனிதர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காரின் அடியில் குனிந்து, நூல் பிடித்து, இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கையும் அளந்தார். எழுந்து, “சாமா” என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று அர்த்தம். நான் நம்பவில்லை. தங்கச்சிக்குக் கல்யாணம், முகூர்த்தத்துக்குக் கார் ஓடவில்லையென்றால் கல்யாணமே நின்றுபோகும், அந்தப் பாவம் உன் தலையில்தான் என்று சாபம் கொடுக்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து வீரமாகச் சொன்னபோது தங்கச்சி பூக்கட்டிக்கொண்டே, “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவளோடு பேசவேயில்லை.

கல்யாண நாள் விடிந்தது. ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். சொந்தபந்தமெல்லாம் விடியற்காலையிலேயே மாட்டு வண்டிகளில் கிளம்பிப் போய்விட்டார்கள். மிச்சம் நாங்கள் மூன்று பேர். நான், அம்மா, அரக்கு நிறப் புடவையில் தங்கச்சி. எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஐந்து மைல்தானே, மெதுவாகப் போனாலும் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது என் கணக்கு.

மெதுவாகத்தான் போனேன். அப்படியும் சடக்கோரத்து வாய்க்காலுக்குள் இரண்டு தடவை இறங்கப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி எடுத்தேன். அம்மா பின் ஸீட்டில் மாரியாத்தாளைக் கூப்பிட்டபடியே வந்தாள். தங்கச்சி கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. அவள் பேசாமலிருந்தால் விஷயம் பெரிதென்று அர்த்தம். ஆற்றுப் பாலத்துக்கு வந்து சேரும்போது ஒன்பதேகால்.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறுக்கே மரக்கட்டைகள் போட்டு, அதன்மேல் சக்கரம் ஓடுவதற்கென்று இரண்டு வரிசைப் பலகை நீளமாக அடித்திருக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒன்றரை அடி அகலம். பக்கத்தில் பிடிமானம் கிடையாது. கீழே ஐப்பசி மழைத் தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நேராக ஓடுகிற காருக்கு அது ஒன்றுமில்லை. என் காருக்கு அது எமன்.

நான் இறங்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். கார் நீளம்கூடப் போயிருக்காது, ஸ்டியரிங் கையை மீறி ஒரு இழுப்பு இழுத்தது. முன் சக்கரம் பலகையின் விளிம்புக்கு வந்து பாதி வெளியே நின்றது. பிரேக்கை மிதித்தேன். அம்மா வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

ரிவர்ஸ் போட்டு, மெல்லப் பின்னால் எடுத்தேன். வண்டி பேசாமல் பின்னால் வந்து கரையேறியது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, மூன்றாவது தடங்கலை என் கையாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்போதுதான் தங்கச்சி பேசினாள்.

“அண்ணே, பின்னாடி வரும்போது மட்டும் எப்படி நேரா வருது?”

“வாயை மூடிக்கிட்டு இரு புள்ள. எனக்கே உயிர் போகுது.”

“நீ பாக்கல. நான் பலகையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நூல் புடிச்ச மாதிரி வந்துச்சு. இன்னொரு தடவை பின்னாடி எடுத்துப் பாரேன்.”

எரிச்சலோடுதான் எடுத்தேன். வந்த வழியிலேயே சடக்கில் பின்பக்கமாக ஐம்பது அடி, நூறு அடி. எனக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடிக்கவே தேவையில்லை. சும்மா திருப்பிவிட்டுக் கையை எடுத்தேன், அதுவாக நடுவுக்கு வந்து நின்றது. மூன்று வாரமாக எந்த வித்தைக்கும் மசியாத கார், பின்பக்கமாகப் போகும்போது மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

பாலத்து முனையில் மாட்டு வண்டிகள் ஒதுங்கி நிற்க ஒரு திடல் உண்டு. அங்கே காரைச் சுற்றித் திருப்பி, பின்பக்கம் பாலத்தைப் பார்க்க நிறுத்தினேன். கூரையை மடித்துவிட்டேன். இந்தத் தடவை புத்தி வந்திருந்தது, இரண்டு பேரையும் இறங்கி நடந்து அக்கரைக்குப் போகச் சொன்னேன். தங்கச்சி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கரையில் போய் நின்று கையை ஆட்டினாள். நான் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி வண்டியை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பாலத்தை அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகாக நான் கடந்ததில்லை. அக்கரையில் சக்கரம் மண்ணைத் தொட்டதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம், அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தப் பக்கம் சடக்கு குறுகல். இரண்டு பக்கமும் வாய்க்கால், காரைத் திருப்ப இடமில்லை. திருப்பினாலும் அலைகிற காரில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. இன்னும் மூன்று மைல் பாக்கி. மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. பின்பக்கமாகவே போய்விடலாம் என்றேன். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“டேய், கல்யாணப் பொண்ண பின்பக்கமா கூட்டிக்கிட்டுப் போவாங்களாடா? சம்பந்தியம்மா எதுக்குமே சகுனம் பாக்குறவங்க. வேற வினையே வேண்டாம்!”

“முன்பக்கமாப் போய் வாய்க்கால்ல விழறதுக்கு, பின்பக்கமாப் போய் மணவறையில ஏறலாம்மா. வண்டிய எடு, அண்ணே” என்றாள் தங்கச்சி, ஏறி உட்கார்ந்து பூவைச் சரிசெய்துகொண்டே.

எடுத்தேன். ரிவர்ஸ் கியரில் கார் பெரிதாக ஓடாது, ஓட்டமும் நடையுமாக ஒரு ஆள் கூடவே வந்துவிடலாம். என்ஜின் ஒரே உறுமல். ஆனால் நேராகப் போனது. பால் சீவிக்கொண்டிருந்தவர்கள் மரத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். சைக்கிளில் எதிரே வந்த ஒரு மலாய்க்காரர் இறங்கி ஓரமாக நின்று, நாங்கள் கடந்து போகும்வரை வாயைத் திறந்தபடியே இருந்தார். தங்கச்சி அவருக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. டிரைவர் வேலையில் வண்டியில் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே முடியாது. அன்று மூன்று மைலும் நான் திரும்பி உட்கார்ந்து, தங்கச்சியின் முகத்தைத் தாண்டித்தான் சடக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் அப்பா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. அதன்பிறகு அவளை நான்தான் தூக்கி வளர்த்தேன், ஆனால் அவளை இத்தனை நேரம் நிறுத்தி நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நெற்றியில் வேர்வை, சாந்துப் பொட்டு கொஞ்சம் கரைந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். நான் அவளையே பார்த்தபடி இருந்துவிட்டேன். “சடக்கப் பாரு, அண்ணே” என்று அவள் அதட்டினாள்.

கோயில் வாசலுக்குப் போனபோது மணி பத்தே கால். கோயில் கொட்டகையில் கூட்டம் எழுந்து நின்று சடக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் காரின் பின்பக்கம் வந்தது. அதன்பின் பெண்ணும் அம்மாவும் வந்தவழியைப் பார்த்தபடி வந்தார்கள். எல்லாருக்கும் கடைசியில் வேர்த்து வடிந்து, கழுத்துப் பிசகிப்போன நான். வாசித்துக்கொண்டிருந்த மேளம் நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன தம்பி இது?”

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “முன்னாடி ஓட மாட்டேங்குது அத்தே. பாலத்துல விழப் பாத்துச்சு. பின்னாடி மட்டும் நல்லா ஓடுது. அதான் அப்படியே வந்துட்டோம்” என்றேன்.

அவர் தங்கச்சியைப் பார்த்தார். “நீ பயப்படலையா?”

“பயந்தேன் அத்தே. ஆனா வரணும்னு இருந்துச்சு.”

அந்தம்மா மறுபடியும் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். திடீரென்று அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார்! கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மூணாவது தடங்கல் வந்தா விட்டுருவோம்னு நாந்தான் சொன்னேன். வந்த தடங்கலுக்கே முதுகக் காட்டிக்கிட்டு வந்து நிக்குறாளே இவ! இதுக்கு மேல சாமி இறங்கி வந்து சொல்லணுமா? மேளத்த அடிங்கடா!”

மேளம் அடித்த அடியில் கொட்டகைக் கூரைக் கிடுகு ஆடியது. பத்து இருபதுக்கு என் தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

சாப்பாடு முடிந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயில் பக்கத்து மரத்தடியில் காரை நிறுத்தி, அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை வந்து பக்கத்தில் குந்தினார். என்ஜின் பார்க்கிற கை, சும்மா இருக்குமா?

“மச்சான், முன்னாடி கெட்டது, பின்னாடி நல்லது. அப்படின்னா தேய்ஞ்சு போனது எதுவும் இல்ல. எதையோ முன்னுக்குப் பின்னா மாத்திப் போட்டிருக்கீங்க. அப்படி மாத்திப் போடுற மாதிரி என்ன இருக்கு அதுல?”

யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்பு ஆப்பு உண்டு. உள்ளங்கை நீளம். ஒரு முனை தடிப்பு, ஒரு முனை மெலிசு. எப்படிப் போட்டாலும் போல்ட் பூட்டிக்கொள்ளும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் அடியில் புகுந்தேன். பார்த்தேன். பார்த்தவுடனே எனக்குச் சகலமும் விளங்கிவிட்டது. ஆப்பின் தடித்த முனையில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. அந்தப் பொட்டு என்னைப் பார்த்து முன்பக்கமாக நின்றது.

நடந்தது இதுதான். ஸ்பிரிங்கைக் கழற்றியபோது ஆப்புகளில் எது முன்பக்கம் என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தேன். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு வைக்கிற இரும்பு அழுக்காக இருக்கலாமா? அம்மா அத்தனை சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவி, சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, சாமி முன்னால் அடுக்கிவிட்டாள். என் கோடும் போயே போய்விட்டது. பொட்டு வைக்க அகலமான இடம் வேண்டுமே, அதனால் தடித்த முனையில் பொட்டு வைத்தாள். மறுநாள் நான் பூட்ட உட்கார்ந்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. பொட்டு இருக்கிற பக்கம்தானே முகம்? முகம் முன்னால்தானே பார்க்க வேண்டும்? கன்னத்தில் போட்டுக்கொண்டு, பக்தியோடு, பொட்டு முன்னால் தெரிய இரண்டு ஆப்பையும் தலைகீழாக வைத்துப் பூட்டிவிட்டேன். பின்னால் இருக்க வேண்டிய தடித்த முனை முன்னால் வந்ததால், அச்சு முழுவதும் தப்பான பக்கம் சாய்ந்துவிட்டது. ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை எல்லாருக்கும் தெரியும். ஆப்பை வைத்து மாட்டிக்கொண்ட குரங்கு நான்தான்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து மரத்தில் சாய்ந்துவிட்டார்.

“சரியாப் போச்சு. கன்னுக்குட்டியக் கயித்தக் கட்டி முன்னாடி இழுத்தா ஒழுங்காப் பின்னாடியே வரும். பின்னாடி நின்னு தள்ளிப் பாருங்க, எட்டுத் திசையும் ஓடும். உங்க சக்கரத்த நீங்க மூணு வாரமாப் பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டிருந்திருக்கீங்க. ரிவர்ஸ்ல வந்தப்பதான் அத இழுத்துக்கிட்டு வந்தீங்க, அதான் ஒழுங்கா வந்துச்சு.”

ஆலையிலிருந்து ஜாக்கியும் ஸ்பேனரும் கொண்டுவரச் சொன்னார். முன்பக்கத்தைத் தூக்கி, போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆப்புகளை உருவித் தடித்த முனை பின்பக்கம் போகும்படி திருப்பி வைத்து இறுக்கினோம். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் வெற்றிலை போட்டுக்கொண்டு சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. பாதி வேலையில் தங்கச்சி மாலையோடு வந்து எட்டிப் பார்த்தாள். தாலி கட்டியவரிடம் அவள் வாய்திறந்து பேசிய முதல் வார்த்தையை ஊரே கேட்டது.

“அய்யோ, வேட்டியில கிரீஸு!”

சாயங்காலம் மறுவீட்டுக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதே காரில் எங்கள் தோட்டத்துக்கு அழைத்து வந்தேன், முன்பக்கமாக. கார் அப்படியொரு பவிசோடு வந்தது. பாலத்தில் ஏறியபோது இந்தத் தடவை நான் மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். வண்டி பலகைமேல் கோடு போட்டமாதிரி போய் இறங்கியது. பின்னால் இரண்டு பேரும் கை தட்டினார்கள்.

சந்தோஷமாகத்தான் தூங்கப் போனேன். தூக்கம் வரவில்லை. அந்தக் கொல்லரின் முகம் வந்து நின்றது.

மறுநாள் லட்டும் வெற்றிலை பாக்கும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். அவர் கடை வாசலில் காரை நிறுத்தியதும் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். போன தடவை நான் போட்ட கூத்து அவர்களுக்கு மறந்திருக்குமா? மறுபடியும் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து இரண்டு பேர் நெருங்கியும் வந்தார்கள். கொல்லர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். நான் வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்.

“அடிக் சுடா காவின்?”

தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்ததா என்று கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. காரைப் பார்க்கவில்லை, ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. அன்று நான் கத்தியதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றை மட்டும்தான் போலிருக்கிறது.

“சுடா” என்றேன். முடிந்துவிட்டது. தட்டை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கடைத்தெருவைப் பார்த்துச் சீனத்தில் உரக்க ஏதோ சொன்னார். எல்லாரும் வந்தார்கள். இவன் என்னைத் திட்டியதெல்லாம் பொய் என்று சொல்கிறார் என்றுதான் நினைத்தேன், சொல்லட்டும், நியாயம்தானே என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் தட்டை நீட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு லட்டு கொடுத்தார். பக்கத்துத் துணிக்கடைத் தமிழர் வாயில் லட்டோடு வந்து என் தோளைத் தட்டினார்.

“தங்கச்சி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாமே! எல்லாரும் வந்து சாப்பிடுங்கன்னு கூப்பிட்டாரு தௌக்கே” என்று கொல்லக்கடை முதலாளியைக் காட்டினார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு நானே அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, தப்பு என்னுடையது, பட்டை நன்றாகத்தான் இருந்தது, ஆப்பை மாற்றி வைத்தது நான்தான் என்று மலாயிலும் தமிழிலும் உரக்கச் சொன்னேன். திட்டியபோது எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அதன்பிறகு எத்தனையோ கார் ஓட்டினேன், எத்தனையோ கோணலைச் சரிசெய்தேன், எது கெட்டுப்போனாலும் முதலில் நான் பூட்டியதைத்தான் அவிழ்த்துப் பார்க்கிறேன். ஆனால் என்னைத் திட்டியவன் வீட்டு விசேஷம் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று கவலைப்படுகிற மனசு இருக்கிறதே, அது இன்றுவரை எனக்கு வாய்க்கவில்லை, அதற்குத்தான் இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.